பாய்க்கு அடியில் இருக்கும் ஓட்டை

பிரட்டு முடிந்ததும் வாளியையும் உளியையும் எடுத்துக்கொண்டு வெளிக்காட்டுக்கு நடந்தே போனது நம் தந்தையர் காலம். அதன் பின் லோரி வந்தது. மூட்டைகளைப் போல நின்றுகொண்டு போகிறோமே என்று முறையிட்டோம். இப்பொழுது பல இடங்களில் வேன் ஓடுகிறது. கெடாப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டும் தோழர்களை அது ஏற்றிச் செல்கிறது. பிறையைச் சுற்றிப் பால் மரங்கள் குறைந்து தொழிற்சாலைகள் பெருகிவிட்ட இந்நாளில், தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளை இரவு வேலைக்கும் பகல் வேலைக்கும் கொண்டுபோய் விடுகிறது. காலையில் தொழிலாளர், ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் சந்தைச் சாமான் என்று ஒரே வண்டி மூன்று வேலை செய்வதும் உண்டு.

இந்த வேனின் தரையைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று யாரும் நகைக்க வேண்டாம். சம்பளம், வீடு, மருந்தகம் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது, எழுதிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் பன்னிரண்டு பேர் காலை ஊன்றி உட்காரும் தகரம் உளுத்துப்போய், அதை ஒரு பாய் மூடிக்கொண்டிருக்கிறது என்றால் அதுவும் தொழிலாளர் பிரச்சினைதான்.

நாம் பேசுவது மழைத் தண்ணீரை அன்று. இயந்திரத்தைக் குளிர வைக்கும் கூலன்ட் கசிந்து உள்ளே இறங்குவதைப் பற்றிப் பேசுகிறோம். நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய நிசான் வெனெட், இன்றும் ஓடுகிற டொயோட்டா ஹையேஸ் போன்ற வேன்களில் இயந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தாலும், நீர் இறைக்கும் பம்ப் தேய்ந்தாலும், இயந்திர மூடியின் ஓரத்து ரப்பர் கெட்டிருந்தால் சூடான நீர் மூடி வழியே சிதறி இருக்கைப் பாய்க்கு அடியில் தங்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பலர் நினைப்பதே இல்லை. ஜப்பானில் ஓடிப் பழகி இங்கே இறக்குமதியான வேன்கள் பலவற்றில், பனிக்காலத்துக்கென்று உள்ளே வெப்பமூட்டும் கருவி வைத்திருப்பார்கள். முன்னால் ஒன்று, சிலவற்றில் பின் இருக்கைக்கு அடியில் இன்னொன்று. இயந்திரத்தின் சுடுநீர் குழாய் வழியே அங்கே போய்த் திரும்பும். பிறையில் பனி ஏது? அந்தக் கருவியை யாரும் திறப்பதில்லை. அது இருப்பதே பல டிரைவர்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நீர் அதற்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆண்டுகள் பல போன பின் ஒருநாள் அந்தச் சிறு பெட்டி பொத்துக்கொள்ளும். மேலே விரிப்பு, அதற்குக் கீழே சணலோ பஞ்சோ, அதற்கும் கீழே தார்த்தகடு, அடியில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு. கசிந்த நீர் பஞ்சுக்குள் ஒளிந்துகொள்ளும். டிரைவருக்குத் தெரிவதெல்லாம் ரேடியேட்டரில் நீர் குறைகிறது என்பது மட்டுமே. வெளியே சொட்டுவதைக் காணோமே என்று அவர் வியந்துகொண்டே காலையில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஈரத்தைக் கண்டவுடன் 'ஏர்கோன் தண்ணீர்' என்று சொல்லி முடித்துவிடும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஏர்கோன் குழாய் அடைத்துக்கொண்டால் முன் தரையில் நீர் சொட்டுவது உண்மையே. ஆனால் அது சுத்த நீர். அதற்கு நிறமும் இல்லை, வழவழப்பும் இல்லை. வெள்ளைத் துணியை ஈரத்தின்மேல் அழுத்திப் பாருங்கள். பச்சையோ சிவப்போ ஒட்டினால், விரலிடையே எண்ணெய் போல வழுக்கினால், இனிப்பு கலந்த ஒரு வாடை வீசினால் அது கூலன்ட். முன் கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் பிசுக்கு படிவதும் ஓர் அடையாளம். நாக்கில் வைத்துப் பார்க்கும் வீரம் மட்டும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

கூலன்ட்டை மற்ற தண்ணீரைப் போல எண்ணுவதில்தான் முதல் தவறு நேருகிறது. "வெயிலில் நிறுத்தினால் காய்ந்துவிடும்" என்பார்கள். காயாது. கூலன்ட்டில் பாதி அளவுக்கு எத்திலீன் கிளைக்கோல் என்ற திரவம் இருக்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. கிளைக்கோல் கொதிக்க 197 பாகை வேண்டும். பிறையின் வெயில் எத்தனை நாள் அடித்தாலும் அது ஆவியாகி ஓடப்போவதில்லை. ஓடாதது மட்டுமா? காற்றிலிருக்கும் ஈரத்தை அது தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. கடலோரத்துப் பிறையிலே காற்றின் ஈரத்துக்குப் பஞ்சம் இல்லை. மழைக்காலத்தில் உப்பு கசிந்து ஈரமாவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அதைப் போலவே கிளைக்கோல் ஊறிய பஞ்சும் தினமும் புது ஈரத்தைக் குடித்து இரும்பின்மேல் போர்த்திக்கொண்டிருக்கும். துருவுக்கு இதைவிட நல்ல படுக்கை வேறு இல்லை.

பால் கொட்டகையில் நிற்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். கூலன்ட் பழசாகி, சூட்டிலும் காற்றிலும் சிதையும்போது அமிலங்கள் உண்டாகின்றன. அவற்றில் ஒன்று பார்மிக் அமிலம். ஆம், பாலை உறைய வைக்க நாம் ஊற்றுகிறோமே, அதே பார்மிக் ஆசிட்தான். கூலன்ட்டில் கலந்துள்ள துருத்தடுப்பு மருந்து தீராதவரை அது அமிலத்தை அடக்கி வைக்கும். தீர்ந்துவிட்டால் காவல் இல்லை. தோட்டத்து வேனிலோ இதற்கு மேலும் கேடு சேருகிறது. ஆசிட் போத்தல் உருள்கிறது, கட்டிப்பாலிலிருந்து புளித்த நீர் வடிகிறது, அமோனியா கலந்த பால் சிந்துகிறது. அமோனியா இரும்பை அவ்வளவாகத் தொடாது. பித்தளையையும் செம்பையும் தின்னும். பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையுமாய்ச் செய்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்க. ஆளை ஏற்றும் வேனில் பால் தோம்பை ஏற்றாதீர் என்று நாம் கேட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடையில் ஒரு வார்த்தை. ரேடியேட்டர்க் குழாய் ரப்பர்தானே, நம் மரத்துப் பால்தானே என்று சில தோழர்கள் பெருமையோடு கேட்பதுண்டு. இன்றைய குழாய்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. இயற்கை ரப்பர் இழுவைக்கும் தேய்மானத்துக்கும் மன்னன். விமானச் சக்கரத்துக்கும் கனரக லோரிச் சக்கரத்துக்கும் இன்றும் அதுவே வேண்டும். இயந்திரச் சூட்டிலே நாள்தோறும் வெந்துகொண்டிருக்க அதனால் ஆகாது. ஆகவே கடையில் கிடைத்த ஏதோவொரு ரப்பர்க் குழாயை வெட்டி மாட்டி, கம்பியால் கட்டிவிட்டு வருவது பழுது பார்த்ததாகாது. அந்த வேலைக்குரிய குழாயை வாங்க வேண்டும்.

இனி, தரையில் ஓட்டை விழுந்தால் என்ன நேரும் என்பதைக் காண்போம். கால் உள்ளே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பயம். தெரியாத பயம் புகை. வேனின் அடியில் புகைக்குழாய் ஓடுகிறது. அது கசிந்தால், தரையில் உள்ள ஓட்டை வழியே கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் இரத்தம் உயிர்க்காற்றைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். இரவு வேலை முடிந்து, ஏர்கோனைப் போட்டுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எல்லோரும் உறங்கிக்கொண்டு வரும் வேனில் ஒருவருக்குத் தலை வலித்தால் "தூக்கமில்லை, அதனால்தான்" என்று சொல்லிவிடுவோம். ஒரே வேனில் வருகிற நாலு பேருக்கும் தலை வலித்து, இறங்கிக் காற்று வாங்கியதும் தெளிந்துவிட்டால் அது தூக்கமின்மை அன்று. உடனே வேனை நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

இருக்கைகளும் இடுப்பு வார்களும் அந்தத் தகட்டில்தான் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கின்றன. உளுத்த தகட்டில் திருகாணி நிற்குமா? மோதல் நேர்ந்தால் வார் கட்டியிருந்தவரும் இருக்கையோடு சேர்ந்து பறப்பார்.

நஞ்சைப் பற்றிச் சொல்லுகிறோம் என்றோமே. எத்திலீன் கிளைக்கோல் இனிப்பானது. நாயும் பூனையும் நக்கும், தவழும் குழந்தை விரலை வாயில் வைக்கும். சிறு பிள்ளைக்குச் சில மடக்கே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கப் போதும். 2022-ஆம் ஆண்டு அண்டை நாடான இந்தோனேசியாவில் இந்தக் கிளைக்கோல் வகைகள் கலந்த மருந்துச் சாற்றைக் குடித்து ஏறக்குறைய 200 குழந்தைகள் மாண்டதை உலகம் மறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஏறும் வேனில் ஈரப் பாய் கிடக்கலாகாது. எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைப்பதும் கைமருந்து கொடுப்பதும் வேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அங்கே மாற்று மருந்து உண்டு. நேரமே அதில் முக்கியம்.

பழுது பார்க்கும் முறை என்னவென்று தோழர்கள் கேட்கிறார்கள். பட்டறையில் போமன் செய்வதை மேற்பார்க்கும் அளவுக்காவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கசிவை நிறுத்த வேண்டும். தரையை முதலில் ஒட்டிவிட்டுக் கசிவைப் பிறகு பார்க்கலாம் என்கிற போமனிடம் வண்டியை விடாதீர்கள். இயந்திரம் ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம்; மூடியின் அழுத்தத்தால் உள்ளே இருப்பது 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், திறந்த மாத்திரத்தில் முகத்தில் பாயும். உள்ளே இருக்கும் வெப்பப் பெட்டி கசிந்தால் நம் நாட்டில் அதை மாற்றக்கூட வேண்டியதில்லை. அதற்குப் போகும் இரண்டு குழாய்களையும் இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் தீர்ந்தது. ஆஃப்கட் கடையில் பழைய பெட்டி தேடி அலைவதைவிட இது மலிவு, மேலும் நிரந்தரம்.

பிறகு இருக்கைகளைக் கழற்றி, விரிப்பு, பஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுக்கவேண்டும். ஊறிய பஞ்சைக் காயவைத்து மறுபடி போடுவது வீண், எறிந்துவிடுக. சாமான் ஏற்றும் வேனில் ஒட்டுப்பலகை போட்டிருந்தால் அதுவும் அப்படியே. தரையின் பள்ளங்களில் உள்ள ரப்பர் அடைப்பான்களைக் கழற்றி, அடியில் பாத்திரம் வைத்து, வெந்நீரும் சவுக்காரமும் கொண்டு கழுவவேண்டும். ஒருமுறை அன்று, வழவழப்பு முற்றிலும் போகும்வரை மூன்று முறை, நான்கு முறை. கிளைக்கோல் தண்ணீரில் எளிதாய்க் கரையும். ஆகையால் காயவைப்பதற்கு முன் கழுவுவதே இந்த வேலையின் உயிர்நாடி. கழுவிய நீரைக் கால்வாயில் விடக்கூடாது. மாடும் நாயும் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன. கிளைக்கோல் கழிவு 2005-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் தனியாகக் கையாள வேண்டிய கழிவுகளில் சேர்ந்தது. அதைச் சேகரித்து உரிமம் பெற்றவரிடம் ஒப்படைப்பது பட்டறையின் கடமை.

கழுவிய பின் கதவுகளைத் திறந்து, விசிறி வைத்து இரண்டு மூன்று நாள் காயவிடவேண்டும். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டும் மடிப்புகளில்தான் ஈரம் பதுங்கும். இரவில் அந்த மடிப்பிலே செய்தித்தாளை அழுத்தி வைத்து, விடிந்ததும் எடுத்துப் பாருங்கள். தாள் நமத்திருந்தால் இன்னும் காயவில்லை.

இப்பொழுதுதான் துருவின் அளவு தெரியும். ஸ்க்ரூட்ரைவர்ப் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்னும்; கெட்டது மந்தமாய்ப் பேசும். முனையால் குத்தினால் உள்ளே போய்விடும். வெட்டுப் பட்டையில் அழுகல் கண்டால் பால் வெட்டும் தோழர் என்ன செய்வார்? நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டிவிட்டு மருந்து பூசுவார். அழுகலின் மேலேயே மருந்தைத் தடவுவாரா? இரும்புக்கும் அதுவே முறை. மேலோட்டமான துருவாக இருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துருமாற்றி மருந்து பூசினால் போதும். இந்த மருந்துகளில் ஒரு வகை தானின் என்ற மரப்பட்டைச் சத்தால் ஆனது. துருவோடு சேர்ந்து அது கறுத்த படலமாக இறுகிவிடும். நம் கடலோரத்துப் பக்காவ் மரப்பட்டையிலிருந்து எடுத்த தானின் இரும்பு அரிப்பைத் தடுப்பதைப் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். கரிச்சூளைக்குப் போகும் மரத்தின் பட்டையிலே இப்படி ஒரு குணம்!

தகடு பொத்திருந்தால் மருந்தால் ஆகாது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை மூலைகளை வளைவாக நறுக்கி வெல்டிங் செய்யவேண்டும். அதற்கு முன்பு பாட்டரியின் கம்பியைக் கழற்றவேண்டும். தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று குனிந்து பார்க்கவேண்டும். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். நாகம் பூசிய தகட்டில் வெல்டிங் புகையை முகர்ந்தால் காய்ச்சல் வரும், காற்றோட்டம் அவசியம். வெல்டிங் முடிந்த ஓரங்களை அடைப்புப் பசையால் மூடி, மேலும் கீழும் துருத்தடுப்புச் சாயம் அடித்து, அடிப்பக்கம் தாரும் பூசிய பிறகே புது விரிப்பு. இருக்கைத் திருகாணி நிற்கும் இடமும், வார் பிடிக்கும் இடமும், வண்டியின் நீளச் சட்டமும் கெட்டிருந்தால் அது கைத்தேர்ந்த வெல்டிங்காரரின் வேலை. தகரத் துண்டை ஆணியடித்து, 'புட்டி' பூசி, மேலே பாய் விரிக்கிறவரின் வேலை அன்று.

இவ்வளவும் தெரிந்த டிரைவர்களும் நிர்வாகத்தினரும் இருந்தும் ஏன் பாயைப் போட்டு மூடுகிறார்கள்? காரணத்தை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. வேன் நாலு நாள் பட்டறையில் நின்றால் நாலு நாள் கூலி போகும். 2025-ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு நாலு நாள் கூலி சிறிதன்று. சொந்த வேன் வைத்து ஓட்டுகிறவருக்கோ வரும்படியும் நின்று செலவும் ஏறும். ஆகவே டிரைவர் மறைக்கிறார், ஏறுகிறவர்களும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். பழுதுச் செலவுக்கென்று ஏறுகிறவர்களிடம் ஆளுக்குப் பத்து வெள்ளி தண்டும் வழக்கமும் சில இடங்களில் தலைதூக்கியிருப்பதாகக் கேள்வி. தோட்டத்து வேன் தோட்டத்தின் உடைமை. அதன் தரையைப் பழுது பார்ப்பது உடையவர் பொறுப்பு. உளி தேய்ந்தால் பேசுகிறோம், வேன் தேய்ந்தால் மட்டும் வாய்மூடி இருப்பதா?

சட்டமும் இதில் ஊமை அன்று. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்குகிறது. 2022-இல் அது திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. உடனடி அபாயத்தை எடுத்துச் சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று புதிதாகச் சேர்ந்த 26ஏ பிரிவு சொல்லுகிறது. முதலாளி அனுப்பும் வேனும் வேலையிடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது என்பது நம் வாதம். அதை நாம் விடப்போவதில்லை. 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டம் வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தையும் கணக்கில் கொள்கிறது. விபத்து நேர்ந்த பின் ஈட்டுத்தொகை வாங்கித்தர நாம் இருக்கிறோம். போன காலை வாங்கித்தர யாரும் இல்லை.

வர்த்தக வாகனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோகிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். ஆறு மாதம் நீண்ட காலம். ஈரம் ஊறும் தகடு அதுவரை காத்திருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் கிராணிமார்களாகிய நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலை நிறுக்கிறோம், மெட்ரோலேக் வைத்துப் பார்க்கிறோம், அரைக் கிலோ குறைந்தாலும் கணக்கில் தெரிகிறது. வேனில் தினமும் ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்கு இல்லை. வண்டிப் புத்தகத்தில் ஒரு பத்தியை ஒதுக்கி, எந்த நாளில் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று எழுதி வாருங்கள். மூடிய சுழற்சியில் ஓடும் நீர் குறையக்கூடாது. ஒரு வாரத்தில் இரண்டு லிட்டர் குறைந்தால் அது எங்கேயோ போகிறது. தரையில் காணோம் என்றால் பாய்க்கு அடியில் பாருங்கள். இந்தப் பத்தி ஒன்று இருந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. பழுது நடந்த பிறகும் 'தரை சரிசெய்தது' என்று ஒரு வரியில் முடிக்காமல், கசிந்தது எது, வெட்டியது எவ்வளவு, வெல்டிங் செய்ததா ஒட்டியதா என்று எழுதுங்கள். துரை கையெழுத்துப் போடுவதற்கு முன் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நம்மில் ஒருவர் அப்படிக் கேட்டதற்கு "கிராணிக்கு ஏன் இந்த வேலை?" என்று பதில் வந்ததாம். புத்தகத்தில் கையெழுத்து வைப்பவரின் வேலைதான் அது.

தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் வட்டாரத்தில் ஆள் ஏற்றும் வேன்கள் எத்தனை, அவற்றின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தது எப்பொழுது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கசிவு தெரிந்தால் வேன் பட்டறைக்குப் போகும் நாலைந்து நாட்களுக்கு மாற்று வண்டி யார் கொடுப்பது, கொடுக்காவிட்டால் அந்த நாட்களின் கூலி யார் கணக்கில் என்பதை வேன் ஓடிக்கொண்டிருக்கும் இப்பொழுதே நிர்வாகத்திடம் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவரையும் அந்தப் பேச்சுக்கு அழையுங்கள். நீர் குறைவது முதலில் தெரிவது அவருக்குத்தான்.